வீட்டில் தமிழ் பேசுவதா காரணம்? பிள்ளையின் கல்வித் தேவை மதிப்பீட்டைப் பெற்றோரே கோருவது பற்றி

வாசகர் கேள்வி: நாங்கள் வடமேற்கு லண்டனில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு எட்டு வயது. இங்கேயே பிறந்து, அரசுத் தொடக்கப் பாடசாலையில் இயர் 3 படிக்கிறான். வாசிப்பிலும் எழுத்திலும் வகுப்பை விட மிகவும் பின்தங்கி இருப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவதுதான் காரணம், இனி ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்றார் வகுப்பாசிரியை. சிறப்புக் கல்விக்குப் பொறுப்பான சென்கோ, இன்னும் இரண்டு தவணை பார்ப்போம், வைத்தியரின் நோய்நிர்ணயம் இல்லாமல் கவுன்சில் மதிப்பீடு செய்யாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்து வயது மகளோ இரண்டு மொழியும் தடையின்றிப் பேசுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியையும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லத் தெரியாமல் இவன் நிற்கிறான் என்கிறார். நாங்களே கவுன்சிலுக்கு எழுதலாமா? மறுத்தால் என்ன செய்வது? பிள்ளையின் பெயரில் இப்படி ஒரு கோப்பு இருந்தால் பின்னாளில் பாதிக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார். தமிழை நிறுத்திவிட வேண்டுமா?

கல்வி உளவியலாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்களே எழுதலாம். பாடசாலையின் அனுமதியோ சென்கோவின் கையெழுத்தோ அதற்குத் தேவையில்லை. 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், 36 ஆம் பிரிவில், பிள்ளையின் பெற்றோருக்கும் பாடசாலைக்கும் இந்தக் கோரிக்கையை வைக்கும் உரிமையைத் தனித்தனியாகவே கொடுத்திருக்கிறது. இங்கே நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் சட்டமும் நடைமுறையும் வேறு என்பதால், கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ இருக்கும் உறவினருக்கு இதை அப்படியே அனுப்பிவிட வேண்டாம்.

இருந்தாலும் முதலில் தமிழ் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கோரிக்கையின் வலுவே அதில்தான் இருக்கிறது. வீட்டு மொழி வேறாக இருப்பது மட்டுமே காரணமாக ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டென்று கொள்ளக்கூடாது என்று அதே சட்டத்தின் 20 ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் வகுப்பாசிரியை இந்த விதியின் ஒரு பாதியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார் போலும். மட்டுமே என்ற சொல்லை விட்டுவிட்டால், இரண்டு மொழி பேசும் எந்தப் பிள்ளைக்கும் உண்மையான இடர்ப்பாடு இருக்க முடியாது என்ற விபரீதமான முடிவுக்கு வந்துவிடுவோம். பாடசாலைகள் பின்பற்ற வேண்டிய 2015 ஆம் ஆண்டின் நடைமுறைக் கோவை இதற்கு நேர்மாறாக, ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் எடுத்து, பின்னடைவு மொழிப் பழக்கக் குறைவால் வந்ததா, சிறப்புக் கல்வித் தேவையிலிருந்து எழுந்ததா என்று ஆராயும்படி சொல்கிறது. ஆராயாமலே மொழியைக் காரணம் காட்டுவது ஆராய்ந்ததாகாது.

பிரித்தறிவதற்கு எங்கள் துறையில் முதலில் கேட்கும் கேள்வி, சிரமம் ஒரு மொழியில் மட்டும் இருக்கிறதா, இரண்டிலும் இருக்கிறதா என்பதே. ஆங்கிலம் போதாத பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினாலும், அம்மம்மாவோடு தமிழில் கதை கதையாகச் சொல்வான். மொழியைக் கையாள்வதிலேயே இடர்ப்பாடு உள்ள பிள்ளை இரண்டிலும் தடுமாறுவான். வளர்ச்சிசார் மொழிக் கோளாறு என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 100 பிள்ளைகளில் 7 பேருக்கு, அதாவது 30 பேர் கொண்ட வகுப்பில் இருவருக்கு, அது இருக்கிறது. அது இரண்டு மொழி பேசுவதால் வருவதில்லை, ஒரு மொழியைக் கைவிடுவதால் போவதுமில்லை. உங்கள் மகனுக்கு இருப்பது அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம், காதில் நீர் கோத்துக் கேட்டல் மங்கியிருக்கலாம், இவற்றில் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை சொன்ன அந்த ஒரு வரி, சிரமம் ஆங்கிலத்துக்குள் மட்டும் அடங்கியதல்ல என்பதற்கு நேரடியான சான்று. அதை அவர் கையால் எழுதி, திகதியிட்டு வாங்கிவிடுங்கள். சனிக்கிழமைப் பாடசாலை ஆசிரியர்களின் குறிப்பை யார் மதிப்பார்கள் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. பிள்ளையின் வீட்டு மொழியில் அவனைத் தொடர்ந்து கவனித்த ஒரே ஆசிரியர் அவராக இருக்கும்போது, எனக்கு அந்தக் குறிப்பு மிகவும் தேவைப்படும்.

மகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அது பயனுள்ள தகவல், ஆனால் முழு நிரூபணம் ஆகாது, ஏனெனில் இரண்டாவது பிள்ளை மூத்தவனிடமிருந்தே ஆங்கிலம் கேட்டு வளர்கிறாள். ஒரே வீடு, அதே பெற்றோர், அதே தமிழ், ஆனாலும் இவ்வளவு வேறுபாடு என்று ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

தமிழை நிறுத்த வேண்டாம். நீங்களும் கணவரும் உணர்ச்சியோடும் விரிவாகவும் பேசக்கூடிய மொழி தமிழாக இருக்கையில், அதை விட்டுவிட்டு உங்களுக்கே இறுக்கமாக இருக்கும் ஆங்கிலத்தில் பேசினால், பிள்ளை கேட்கும் மொழியின் அளவும் தரமும் குறையும். மொழி இடர்ப்பாடு உள்ள பிள்ளைக்கு அது இரட்டை இழப்பு.

இனி, வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம். பாட்டி வடை சுட்ட கதையை, காகம் நரி எல்லாம் வைத்து, தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு அவனைச் சொல்லச் சொல்லி, இடையில் சொல்லெடுத்துக் கொடுக்காமல், கைபேசியில் பதிவு செய்யுங்கள். எட்டு வயதுப் பிள்ளை பொதுவாக யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் என்பவற்றைத் தொடர்புபடுத்திச் சொல்வான். "அது எடுத்துக்கொண்டு போய்... மற்றது வந்து... பிறகு விழுந்திட்டுது" என்ற அளவில் நின்று, எது எடுத்தது, ஏன் விழுந்தது என்று கேட்டாலும் பதில் வராவிட்டால், அவன் சொன்னதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருளையும் குறித்து வையுங்கள். அதே போல, மேலே போய், சப்பாத்தை வைத்துவிட்டு, கை கழுவி, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வா என்று மூன்று நான்கு காரியங்களை ஒன்றாகச் சொன்னால் எத்தனை நினைவில் நிற்கின்றன என்பதையும் சில நாட்கள் குறியுங்கள். அவனுக்கு மொழியில் சிரமம் உண்டு என்று பொதுவாக எழுதும் பக்கங்களை விட இத்தகைய இரண்டு துல்லியமான குறிப்புகள் அதிகம் பேசும்.

பாடசாலையிடமிருந்தும் சில தாள்களைப் பெற வேண்டும். இயர் 1 இறுதியில் நடக்கும் 40 சொற்கள் கொண்ட ஒலிப்பு வாசிப்புச் சோதனையில் அவன் பெற்ற புள்ளி அவற்றுள் முக்கியமானது. அதில் உண்மையான சொற்களும் பொருளற்ற சொற்களும் கலந்திருக்கும். ஆகவே அது எழுத்தை ஒலியாக மாற்றும் திறனை மட்டுமே காட்டும். அங்கே நன்றாகச் செய்தவன் இன்று வாசித்ததன் பொருளைச் சொல்ல முடியாமல் இருந்தால் சிக்கல் மொழி விளக்கத்தில் இருக்கக்கூடும். அங்கேயே தடுமாறியிருந்தால் வாசிப்பின் அடிப்படையையே பார்க்க வேண்டும். தவணை அறிக்கைகள், அவனுக்குத் தனியாகவோ சிறு குழுவிலோ கொடுத்த பயிற்சிகளின் பதிவு, அவற்றின் பின் ஏற்பட்ட முன்னேற்றம் ஆகியவற்றையும் கேளுங்கள். அது கவுன்சில் நடத்தும் பாடசாலையானால், எழுத்தில் கேட்ட 15 பாடசாலை நாட்களுக்குள் பிள்ளையின் கல்விப் பதிவைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். ஜி.பி. என்ற உங்கள் குடும்ப வைத்தியர் மூலம் கேட்டல் பரிசோதனைக்கும், பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் பார்வைக்கும் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். சிகிச்சையாளரைச் சந்திக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே பயன்படும் சோதனைகளிற் பல ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை வைத்து அளவு வகுக்கப்பட்டவை. அவற்றின் புள்ளியை மட்டும் பார்த்து முடிவு சொன்னால், தமிழிலும் பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சென்கோ சொன்ன இரண்டு காரணங்களுக்கும் சட்டத்தில் இடமில்லை. கவுன்சில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா அல்லது இருக்கக்கூடுமா, அதற்கான ஏற்பாட்டை இ.எச்.சி. திட்டம், அதாவது கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் ஒன்றின் மூலம் செய்வது அவசியமாக இருக்கக்கூடுமா. இரண்டிலும் இருக்கக்கூடும் என்ற சாத்தியமே போதும். நோய்நிர்ணயம் வேண்டும் என்றோ, இத்தனை தவணை காத்திருக்க வேண்டும் என்றோ, பாடசாலை முதலில் 6,000 பவுண் செலவு செய்து காட்ட வேண்டும் என்றோ அங்கு எழுதப்படவில்லை. இந்த 6,000 பவுண் என்பது மேலதிக உதவிக்காகப் பாடசாலை தன் வரவு செலவிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஏற்க வேண்டியதாக எதிர்பார்க்கப்படும் தொகை. அது பணம் பற்றிய ஏற்பாடு, மதிப்பீட்டுக்கான வாசற்படி அல்ல. ஆனால் பாடசாலை இதுவரை என்ன செய்து பார்த்தது, அதனால் பலன் கிடைத்ததா என்பதைக் கவுன்சில் கவனிக்கும் என்பது உண்மை. ஆகவே சென்கோவைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. பாடசாலையே மேலதிக உதவி கொடுக்கும் பிள்ளைகளுக்கான எஸ்.ஈ.என். சப்போர்ட் பட்டியலில் மகனைச் சேர்த்து, என்ன உதவி, வாரத்துக்கு எத்தனை முறை, யார் கொடுப்பது, எப்போது மீளாய்வு என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். அப்பட்டியலில் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பாடசாலை ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை சந்திக்க வேண்டும் என்பது நடைமுறைக் கோவையின் வழிகாட்டல். அவரது இரண்டு தவணையும் உங்கள் கோரிக்கையும் ஒரே காலத்தில் நடக்கலாம்.

கடிதத்தைக் கவுன்சிலின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குப் பதில் கேளுங்கள். கவுன்சில்கள் தம் இணையத்தளத்தில் நீண்ட படிவம் வைத்திருப்பதுண்டு. படிவத்தை நிரப்புவதில் தவறில்லை, ஆனால் எளிய கடிதத்தையும் அவர்கள் கோரிக்கையாக ஏற்க வேண்டும். தொடக்கம் இவ்வாறு இருக்கலாம்: "2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் 36(1) ஆம் பிரிவின் கீழ் எம் மகனின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் தேவைகளை மதிப்பிடுமாறு கோருகிறோம். அவனுக்குச் சிறப்புக் கல்வித் தேவைகள் உள்ளன அல்லது இருக்கக்கூடும் என்றும், அவற்றுக்கான ஏற்பாட்டை இ.எச்.சி. திட்டம் மூலம் செய்வது அவசியமாக இருக்கக்கூடும் என்றும் நம்புகிறோம். எங்கள் வீட்டு மொழி தமிழ். அவனது சிரமம் தமிழிலும் ஆங்கிலத்திலும் காணப்படுகிறது என்பதற்கான குறிப்புகளை இணைத்துள்ளோம். மதிப்பீட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு நடத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம்." இதன் பின், அவனால் எவை முடியவில்லை, பாடசாலை என்ன செய்தது, ஏன் அது போதவில்லை என்று ஒரு பக்கம் போதும். நன்றாக வருவதையும் எழுதுங்கள். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் கணக்கைச் சொற்களில் கொடுத்தால் நின்றுவிடுகிறான் என்பது போன்ற ஒரு வரி, வாசிப்பவருக்குப் பிள்ளையைக் கண்முன் நிறுத்தும். கடிதத்தின் ஆங்கிலம் எளிமையாக இருந்தால் குறைவில்லை. இணையத்திலிருந்து எடுத்த வழக்கறிஞர் நடை வேண்டாம்.

கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள், மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் அறிவிக்க வேண்டும். ஒப்புக்கொண்டால், உங்களிடமும் பாடசாலையிடமும் சுகாதாரத் துறையிடமும் சமூகப் பராமரிப்புப் பிரிவிடமும், கட்டாயமாகக் கல்வி உளவியலாளர் ஒருவரிடமும் எழுத்து மூலம் ஆலோசனை பெறும். நியாயமான காரணத்தோடு நீங்கள் குறிப்பிடும் வேறொருவரிடமும் கேட்க வேண்டும் என்பதால், பேச்சு மொழிச் சிகிச்சையாளரை இங்கே பெயர் சொல்லிக் கேளுங்கள். கோரிக்கை கிடைத்த அதே நாளிலிருந்து எண்ணி, திட்டம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் 16 வாரத்துக்குள்ளும், கொடுப்பதானால் இறுதித் திட்டத்தை 20 வாரத்துக்குள்ளும் தர வேண்டும். வரைவு வந்தபின் உங்கள் கருத்தைச் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு. இவை சட்டம் சொல்லும் காலங்கள். நடப்பில் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஏறத்தாழப் பாதித் திட்டங்களே 20 வாரத்துக்குள் கொடுக்கப்பட்டன. எங்கள் துறையில் ஆள் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம். ஆகவே ஒவ்வொரு காலக்கெடுவையும் நாட்காட்டியில் குறித்து, கடந்த மறுநாளே மின்னஞ்சல் அனுப்புங்கள். தனியாரிடம் பெரும் பணம் கொடுத்து அறிக்கை வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கோரிக்கை வைக்க அது தேவையில்லை. மதிப்பீட்டுக்குக் கவுன்சில் ஒப்புக்கொண்டால் கல்வி உளவியலாளரின் அறிக்கை உங்களுக்குச் செலவில்லாமலே வரும்.

மறுப்பு வந்தால் மனம் உடைய வேண்டாம், முதற் கோரிக்கைக்கு மறுப்பு வருவது அரிதல்ல. அந்தக் கடிதத்தில் மேன்முறையீட்டு உரிமையும் மத்தியஸ்த ஆலோசகரின் தொடர்பும் இருக்க வேண்டும். ஆலோசகருடன் பேசி, அப்படிப் பேசியதற்கு ஒரு சான்றிதழ் பெற வேண்டும். மத்தியஸ்தத்தில் கலந்துகொள்வதா என்பது உங்கள் விருப்பம், சான்றிதழ் மட்டுமே கட்டாயம். கவுன்சிலின் கடிதத் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சான்றிதழ் திகதியிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, தேவையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும். அண்மை ஆண்டுகளில் அங்கு தீர்ப்பு வரை சென்ற சிறப்புக் கல்வி மேன்முறையீடுகளில் 100க்கு 95க்கும் மேற்பட்டவை முழுமையாகவோ பகுதியாகவோ பெற்றோருக்குச் சாதகமாகவே முடிந்திருக்கின்றன. இந்த முறையை மாற்றுவது பற்றிய பேச்சு சில காலமாக நடக்கிறது. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அது நடைமுறைக்கு வரும்வரை, விதிகள் மாறிவிட்டன என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், எந்தச் சட்டப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

மதிப்பீடு நடந்தாலே திட்டம் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உங்கள் மகனுக்குத் தேவைப்படுவதைப் பாடசாலை தன் வளத்திலேயே செய்ய முடியும் என்று மதிப்பீடு காட்டினால், திட்டம் இல்லாமலும் அந்த அறிக்கைகள் வகுப்பறையில் பயன்படும். திட்டம் கிடைத்தால், அதில் எழுதப்பட்ட சிறப்புக் கல்வி ஏற்பாட்டைக் கொடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமையாகிவிடும். பாடசாலையின் நல்லெண்ணத்துக்கும் சட்டக் கடமைக்கும் உள்ள இடைவெளி, ஆசிரியர் மாறும்போதும் பாடசாலை மாறும்போதும்தான் பெற்றோருக்குத் தெரியவரும். இயர் 7 இல் பெரிய பாடசாலைக்குப் போகும் காலத்தை நினைத்தாவது இப்போதே தொடங்குவது நல்லது.

மாமியாரின் பயம் அன்பினால் வருவது, ஆகவே பொறுமையாகச் சொல்லுங்கள். திட்டத்தைப் பிறருக்கு வெளிப்படுத்துவதற்குச் சட்டத்திலேயே கட்டுப்பாடு இருக்கிறது. பரீட்சைச் சான்றிதழில் அது பற்றிய குறிப்பு வராது. தேவை தீர்ந்தபின் திட்டத்தை முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. சோம்பேறி, கவனமில்லாதவன் என்று வகுப்பில் வாங்கும் பெயருக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். எட்டு வயதில் அதை நம்பத் தொடங்கிய பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் சந்திக்க நேரும்போது, முதல் வேலை வாசிப்பாக இருப்பதில்லை. நீங்களும் கணவரும் மாமியாரும் சேர்ந்து, இது உன் குற்றம் அல்ல, எப்படிக் கற்றால் உனக்கு எளிது என்று கண்டுபிடிக்கப் போகிறோம் என்று அவனிடமும் சொல்லிவையுங்கள். மதிப்பீட்டில் அவனது விருப்பத்தையும் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. நடைமுறைக் கோவையின்படி அது பக்கச்சார்பற்றதாகவும் இரகசியம் காப்பதாகவும் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இப்சியா என்ற அறக்கட்டளையின் இணையத்தளத்தில் மாதிரிக் கடிதங்கள் உள்ளன.

உங்கள் கடிதம் மே மாதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பாடசாலை நான்கு வாரத்துக்கு மேல் மூடப்படும் கோடை விடுமுறையை ஒட்டித் தலைமையாசிரியரிடம் தகவல் கேட்க நேர்ந்தால், ஆறு வாரக் கெடுவிலிருந்து கவுன்சிலுக்கு விலக்கு உண்டு. ஆகவே கோரிக்கை ஜூன் முதல் வாரத்துக்குள் போய்ச் சேரட்டும். கேட்டல் பரிசோதனைக்கான திகதி இன்னும் வரவில்லை என்பதற்காக அதை நிறுத்திவைக்க வேண்டாம், அந்த அறிக்கையைப் பின்னர் அனுப்பிச் சேர்த்துக்கொள்ளலாம்.